அலமாரிக்குப் பின்னிருந்த அறை



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் அயல்நாட்டு அருங்காட்சியகம் ஒன்றைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. ஆவடி தொழிலாளர் ஊர். கனரக ஊர்தித் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் இவ்வூரின் அடையாளங்கள். படைக்கு வேண்டிய பொருளைச் செய்து தரும் கையின் உழைப்பை இவ்வூரார்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அடுத்துள்ள பூவிருந்தவல்லியிலோ பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி இருக்கிறது. கண் செய்யும் வேலையை விரல் செய்யக் கண்டவர்கள் இப்பகுதி மக்கள். இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால், பெர்லின் நகரத்துச் சிறு பட்டறை ஒன்றின் வரலாறு அயலதாகத் தோன்றாது.

தமிழில் 'அடைக்கலம்' என்பது மிகப் பழைய சொல். சிலப்பதிகாரத்தில் ஒரு காதையே அப்பெயர் தாங்கி நிற்கிறது. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். அரண்மனையும் மாளிகையும் நிறைந்த அந்நகரில் அடைக்கலம் தரத் தகுதியுடையவள் இயக்கிக்குப் பால்மடை கொடுத்து மீளும் ஓர் இடைமகளே என அத்துறவி தேர்ந்தார். காப்பியம் அத்துடன் நிற்கவில்லை. கோவலன் கொலையுண்டான், கண்ணகி நகரை எரித்து நீங்கினாள். அடைக்கலம் காக்க இயலாமற்போன மாதரி தீயில் புகுந்தாள் என்றும், கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார் என்றும் வஞ்சிக் காண்டம் கூறுகிறது. அடைக்கலம் கொடுத்தவரின் பெருமையைப் பாடுவது எளிது. கொடுத்த அடைக்கலம் தோற்றபின் அவர் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதையும் பாடிய காப்பியம் சிலப்பதிகாரம். பெர்லின் பட்டறையைப் பற்றிப் பேசத் தமிழ் வழங்கும் அளவுகோல் இதுவே.

பட்டறையின் உரிமையாளர் பெயர் ஓட்டோ வைட். 1883-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் வடஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் பிறந்தவர். சுவருக்குத் தாள் ஒட்டும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கினார். அரசு என்னும் அமைப்பையே ஐயுற்ற இளைஞர் குழுக்களிலும் போரை வெறுத்தோர் நடுவிலும் பழகியவர். கண்பார்வை படிப்படியாகக் குறைந்தபோது பழைய தொழில் கைவிட்டது. துடைப்பம் கட்டவும் பிரஷ் செய்யவும் கற்றுக்கொண்டு, 1936-இல் ஒரு நிலவறையில் பார்வையற்றோர் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1940-இல் அது ரோசென்தாலர் தெரு 39-ஆம் எண் கட்டடத்தின் முற்றத்து மாடிக்கு இடம் மாறியது. ஏறத்தாழ முப்பது பேர் அங்கு வேலை செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பார்வையற்ற யூதர். காது கேளாத யூதர் சிலரும் இருந்தனர்.

அந்நாளைய ஜெர்மனியில் பார்வையற்ற யூதராக இருப்பதன் பொருள் என்ன? இட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ஆம் ஆண்டு ஜூலையிலேயே, பரம்பரை நோயுடையோர் எனக் கருதப்பட்டவர்க்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டம் பிறந்தது. பிறவிக் குருடும் பிறவிச் செவிடும் அச்சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றன. 1939 முதல் உடற்குறையும் மனநோயும் உடையோர் மருத்துவமனைகளிலேயே கொல்லப்பட்டனர். 1941 செப்டம்பரில் யூதர் மஞ்சள் நட்சத்திரம் தைத்த ஆடையுடன்தான் வெளியே வரலாம் என்று ஆணை பிறந்தது. அடுத்த அக்டோபரிலேயே பெர்லினிலிருந்து யூதரைக் கிழக்கே கொண்டுசெல்லும் இரயில்கள் புறப்பட்டன. இனத்தின் பெயரால் ஒருமுறையும் உடலின் பெயரால் மறுமுறையும் வாழத் தகாதவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர்களே வைட்டின் தொழிலாளர்கள்.

அவர்களைக் காக்க அவர் கைக்கொண்ட கருவி துடைப்பம். படைவீடுகளுக்குத் துடைப்பமும் பிரஷ்ஷும் தேவைப்பட்டன. வைட் அவற்றைப் படைத்துறைக்கு விற்றார். தம் பட்டறை போருக்கு இன்றியமையாத தொழிலகம் என்னும் தகுதியையும் பெற்றார். அத்தகுதியால் அவருடைய தொழிலாளரும் 'இன்றியமையாதவர்' ஆயினர். செய்த பொருள் முழுவதும் படைக்குச் செல்லவில்லை. ஒரு பகுதி கள்ளச் சந்தைக்குப் போய் உணவாகவும், கெஸ்டாபோ என்னும் இரகசியக் காவல்துறையினரின் கைக்கூலியாகவும் திரும்பியது. யூதரை எழுத்தர் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்பது விதி. ஆயினும் ஆலிஸ் லிக்ட், இங்கெ டாய்ச்க்ரோன் என்னும் இளம் யூதப் பெண்கள் அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்தனர். இங்கெ தலைமறைவானபோது, வேறொரு பெண்ணின் பெயரில் அமைந்த பணிப்புத்தகத்தை வைட் அவருக்குத் தேடிக் கொடுத்தார்.

இங்கே ஒரு முள் உறுத்துகிறது. கொலைத் தொழில் செய்யும் அரசின் படைக்குப் பொருள் செய்து கொடுத்தே அவ்வரசின் பகைக்கு ஆளானோரைக் காப்பது அறமா? கையூட்டும் பொய்க் கணக்கும் போலிச் சான்றும் அறத்தின் கருவிகள் ஆகுமா? வள்ளுவர் வாய்மை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இதற்கு இடம் வகுத்துவிட்டார். பிறர்க்குத் தீங்கு விளையாமை என்பதே அவர் வாய்மைக்குத் தரும் முதல் இலக்கணம். வைட் தம் கணக்கேட்டில் எழுதிய ஒவ்வொரு பொய்க்கும் பின்னால் ஓர் உயிர் மூச்சுவிட்டுக் கொண்டிருந்தது. குறளுக்கு உரை எழுதியோர் பலர். ஒரு துடைப்பப் பட்டறையின் கணக்கேடும் அதற்கு ஓர் உரையாக அமைந்தது.

1942-இல் கெஸ்டாபோ பட்டறைக்குள் புகுந்து பார்வையற்ற தொழிலாளரைப் பிடித்துச் சென்றது. நடந்தே செல்லும் தொலைவில் இருந்த தொகுப்பு முகாமில் அவர்கள் அடைக்கப்பட்டனர். வைட் பின்தொடர்ந்து சென்றார். படைக்கு ஒப்புக்கொண்ட சரக்கை இவர்கள் இல்லாமல் எவ்வாறு முடிப்பது என்று வாதாடினார். பணமும் பேச்சும் சேர்ந்து வென்றன. தாமும் பார்வை மங்கிய அம்மனிதர் முன்னே நடக்க, மஞ்சள் நட்சத்திரம் அணிந்த பார்வையற்றோர் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு பெர்லின் தெரு வழியே பட்டறைக்குத் திரும்பினர் என்று இங்கெ டாய்ச்க்ரோன் பதிவு செய்திருக்கிறார்.

புறநானூறு கற்றார்க்கு இக்காட்சி புதிதன்று. மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடச் சோழன் கிள்ளிவளவன் ஆணையிட்டபோது, கோவூர் கிழார் இடைமறித்துப் பேசினார். புறாவின் துன்பம் துடைத்தவன் மரபில் வந்தவன் நீ என்று மன்னனின் குலப்பெருமையை நினைவூட்டினார். மன்னனுக்கு நினைவூட்ட ஓர் அறம் இருந்தது. புலவர்க்கு அதுவே கருவியாயிற்று. வைட் நின்ற இடத்தில் அத்தகைய மரபு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆகவே அறத்தை அழைத்துப் பேசாமல், துடைப்பத்தின் எண்ணிக்கையைப் பேசினார். அறம் செவியில் ஏறாத இடத்தில் கணக்கைப் பேசியேனும் உயிரைக் காக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவ்வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 1943 பிப்ரவரி 27-ஆம் நாள் பெர்லின் தொழிற்சாலைகளில் எஞ்சியிருந்த யூதத் தொழிலாளரை ஒட்டுமொத்தமாகப் பிடிக்கும் வேட்டை தொடங்கியது. வைட்டின் தொழிலாளரும் பெரும்பாலும் அப்போது பறிபோயினர். அன்றுவரை சட்டத்தின் சந்துகளில் நடந்த காவல், அதன்பின் சட்டத்தை முற்றும் மீறிய ஒளிவிடம் ஆயிற்று.

பட்டறையின் வரிசையான அறைகளுள் கடைசி அறைக்குச் சன்னல் கிடையாது. அதன் வாயிலை மறைத்து ஓர் அலமாரி நிறுத்தப்பட்டது. அலமாரியின் உள்ளே தொங்கிய உடைகளை விலக்கி, அதன் முதுகுப்புறம் வழியே நுழைய வேண்டும். அங்கே ஹாயிம் ஹோர்ன் என்பவரும் அவர் மனைவி மாக்லாவும் மக்கள் மாக்ஸ், ரூத் இருவரும் ஏறத்தாழ எட்டு மாதம் வாழ்ந்தனர். 1943 அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டனர். நால்வரும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டு மாண்டனர்.

அடைக்கலம் தோற்றது. மாதரியின் இடத்தில் வைட் நின்றார். அவர் தீப்பாயவில்லை. தெரேசியன்ஷ்டாட் முகாமில் அடைபட்டுக் கிடந்த தம் தொழிலாளர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் உணவுப் பொட்டலங்களை அனுப்பத் தொடங்கினார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் அவ்வாறு சென்றன. நகரத்தில் ஒவ்வொருவருக்கும் அளந்து உணவு வழங்கிய காலம் அது. ஒவ்வொரு பொட்டலமும் எவரேனும் ஒருவர் வாயைக் கட்டிச் சேர்த்தது.

ஆலிஸ் லிக்ட்டும் பெற்றோருடன் தெரேசியன்ஷ்டாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1944-இல் அங்கிருந்து ஆஷ்விட்ஸுக்கு ஏற்றிச் செல்லப்பட்டபோது, ஓடும் இரயிலிலிருந்து ஓர் அஞ்சலட்டையை வெளியே எறிந்தார். முன்பின் அறியாத யாரோ அதனை எடுத்து அஞ்சலில் சேர்த்தனர். அட்டை வைட்டிடம் வந்து சேர்ந்தது. அறுபத்தோரு வயதில், மங்கிய கண்களுடன், துடைப்பம் விற்கும் வணிகராகத் தம்மைக் காட்டிக்கொண்டு அவர் ஆஷ்விட்ஸுக்கே புறப்பட்டார். ஆலிஸ் அங்கிருந்து கிறிஸ்டியான்ஷ்டாட் என்னும் உழைப்பு முகாமுக்கு மாற்றப்பட்டதை அறிந்து, அவ்வூரை அடைந்து, முகாமுக்கு அருகில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, உடையும் மருந்தும் வைத்துவிட்டு, முகாமில் வேலை செய்த வெளியார் ஒருவர் வழியே செய்தி அனுப்பினார். 1945 சனவரியில் முகாமைக் காலி செய்து கைதிகளை நடத்திச் சென்றபோது ஆலிஸ் தப்பி, பெர்லினுக்கு வந்து, போர் முடியும்வரை ஒளிந்து வாழ்ந்தார். பெற்றோர் திரும்பவில்லை.

வைட் தனியராகச் செயற்படவில்லை. அச்சகத்தார், வணிகர், காவலர் எனப் பலர் சிறு சிறு உதவிகள் செய்தனர். அவர்களுள் ஹெட்விக் போர்ஷ்யூட்ஸ் என்னும் பெண்ணின் வரலாறு தனியே எண்ணத்தக்கது. வறுமையில் உடலை விற்றுப் பிழைக்க நேர்ந்தவர் அவர். முகாமுக்குச் சென்ற பொட்டலங்களுக்கு வேண்டிய உணவைக் கள்ளச் சந்தையில் தேடித் தந்தார். ஒளிந்து வாழ்ந்த யூதர்க்குத் தம் வீட்டில் இடம் தந்தார். 1944-இல் கள்ளச் சந்தைக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டார். போருக்குப் பின் பெர்லின் நகர அரசு, பாடப்படாத வீரர் எனப் பலரைச் சிறப்பித்தபோது, இவருடைய பழைய பிழைப்பைக் காரணம் காட்டி அச்சிறப்பை மறுத்தது. 1977-இல் அவர் மறைந்தார். யூதரைக் காத்த பிற இனத்தார்க்கு யாத் வஷேம் என்னும் நினைவு நிறுவனம் வழங்கும் 'நேர்மையாளர்' என்னும் சிறப்பு, 2012-இல்தான் அவர் பெயருக்கு வந்து சேர்ந்தது. மணிமேகலையைப் படித்த தமிழ் நெஞ்சம், கணிகையர் குலத்துப் பெண்ணின் கையில்தான் அமுதசுரபி வந்தது என்பதை அறியும். அந்த அறிவு பெர்லின் நகரத்து அலுவலர்க்கு வாய்க்க அறுபதாண்டுக்கு மேல் ஆயிற்று.

வைட்டும் வாழ்நாளில் பெரும் புகழ் பெற்றவர் அல்லர். போர் முடிந்ததும், முகாமிலிருந்து மீண்ட யூதச் சிறார்க்கும் முதியோர்க்கும் ஓர் இல்லம் அமையப் பாடுபட்டார். 1947 டிசம்பர் 22-ஆம் நாள் காலமானார். 1971-இல் யாத் வஷேம் அவரைச் சிறப்பித்தது. இங்கெ டாய்ச்க்ரோன் மஞ்சள் நட்சத்திரம் அணிந்த தம் வாழ்வை 1978-இல் நூலாக எழுதினார். அந்நூல் 1989-இல் நாடகமாகவும் பெர்லின் மேடை ஏறியது. ஒரு நூலும் ஒரு நாடகமுமே இறந்துபோன ஒரு துடைப்பக்காரரை மக்கள் நினைவுக்கு மீட்டன.

பட்டறைக் கட்டடம் போருக்குப்பின் கிழக்கு பெர்லினில் அகப்பட்டது. புதுப்பிக்க எவரும் முன்வராத வறுமையே அதற்கு வாய்த்த நற்பேறு. பழைய தரை, பழைய சுவர், சன்னலற்ற அறை ஆகியவை பெரிதும் மாறாமல் இருந்தன. 1999-இல் அருங்காட்சியகவியல் பயின்ற மாணவர்கள் அவ்வறைகளில் ஒரு கண்காட்சி அமைத்தனர். சில நாள் நடக்க எண்ணித் தொடங்கியது நிலைபெற்றது. 2001-இல் பெர்லின் யூத அருங்காட்சியகத்தின் பொறுப்பிலும், 2005 முதல் ஜெர்மன் எதிர்ப்பியக்க நினைவகத்தின் பொறுப்பிலும் வந்து, 2006 டிசம்பரில் நிலையான காட்சியகம் ஆயிற்று. நுழைவுக் கட்டணம் இல்லை. கடிதங்களும் நிழற்படங்களும் பிரஷ் செய்யும் கருவிகளும் அங்கே உள்ளன. கடைசி அறையோ வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. ஹோர்ன் குடும்பத்தின் வாழ்வுக்குப் பொம்மை செய்து வைக்க எவரும் துணியவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தில் பொருள் மிகுவதைக் கவிஞர்க்குச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

 அடைக்கலத்தின் வரலாறு இந்தியாவில் உண்டு. 1942-இல் நவாநகர் மன்னர் திக்விஜயசிங்ஜி, சோவியத் நாட்டிலிருந்து மீண்ட போலந்துச் சிறார் நூற்றுக்கணக்கானோர்க்கு ஜாம்நகரை அடுத்த பாலாசடியில் இடமளித்தார். 1943 முதல் கோலாப்பூரை அடுத்த வலிவடேயில் ஏறத்தாழ ஐயாயிரம் போலந்து மக்கள் போர்க்காலத்தைக் கழித்தனர். அதே நாட்டில், 1939 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு ஜெர்மானியரைச் சிறை வைத்தபோது, இட்லருக்குத் தப்பி வந்த யூத அகதிகளையும் 'பகை நாட்டார்' என்று அகமதுநகர் முகாமில் அடைத்தது. விசாரணைக்குப் பின்பே பலர் விடுவிக்கப்பட்டனர். துரத்துபவனையும் துரத்தப்படுபவனையும் கடவுச்சீட்டின் நிறம் ஒன்றாக்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

தமிழ் நிலத்திலும் இரு முகமும் உண்டு. பாரி மாண்டபின் அவன் மகளிரைக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்றார். இருவரும் ஏற்க மறுத்தனர். முல்லைக்குத் தேர் ஈந்தவன் கொடையைப் பாடும் நாவு, அவன் மக்களுக்குக் கதவு சாத்தியவர் பெயரையும் மறவாமல் சொல்ல வேண்டும். சங்கத் தொகை அப்பெயர்களை அழிக்காமல் காத்தது. 1983 முதல் இலங்கைத் தமிழர் கடல் கடந்து வந்தனர். ஆவடி அமைந்த திருவள்ளூர் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டியில் அவர்களுக்கு முகாம் உண்டு. அங்கே பிறந்தவர்களுக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டனர். அகதிகள் முகாம் என்ற பெயர் 2021-இல் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது. பெயர் மாறியது நன்றே. அச்சுவர்களுக்குள் பிறந்து வளர்ந்தோரின் கதைகளும் பாடல்களும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் எத்தனை முறை ஒலித்தன என்னும் கணக்கை, பத்தாம் ஆண்டு நிறைவில் எடுத்துப் பார்ப்பது தகும்.

ஓட்டோ வைட்டின் வரலாற்றில் எண்ணிக்கை சிறிது, இழப்பே பெரிது. முப்பது தொழிலாளருள் பிழைத்தோர் சிலரே. போலந்தின் கிராக்கோவ் நகரில் ஆயிரத்து இருநூறு உயிர் காத்த ஷிண்ட்லரின் தொழிற்சாலையும் 2010-இல் அருங்காட்சியகம் ஆயிற்று. அதனை உலகறியச் செய்யத் திரைப்படமும் துணைநின்றது. ரோசென்தாலர் தெருவின் அறைகள் அத்தகைய வெற்றிக் கதையைச் சொல்வன அல்ல. காக்க முயன்று தோற்று, தோற்றபின்னும் விடாமல் முயன்ற ஒருவரின் இடம் அது. அடைக்கலம் கொடுப்பவனுக்கு வெற்றி உறுதி இல்லை. அலமாரியைப் பிடித்து நகர்த்தும் கை ஒன்றே அவனுக்கு உரியது.

அக்கைக்கு உரியவரை மறவாதிருத்தல் எழுத்தாளர் கடன். இங்கெ டாய்ச்க்ரோன் 2022 மார்ச்சு 9-ஆம் நாள், தொண்ணூற்றொன்பதாம் வயதில் மறைந்தார். அவர் எழுதியிராவிட்டால் ரோசென்தாலர் தெருவில் இன்று ஒரு கடையோ விடுதியோ இருந்திருக்கும். ஓர் ஊரின் இலக்கிய வட்டம் அவ்வூரின் எழுதப்படாத பெயர்களைத் தேடி எழுதுமானால், அதன் அடுத்த பத்தாண்டு முதற் பத்தாண்டினும் பெரிதாகும். மாக்ஸ், ரூத் என்னும் இரு சிறார் பெயர் இன்று ஆவடி மண்ணில் ஒலித்தது. எழுத்து அத்தனை தூரம் செல்லும்.